இருவர் கயாக்கில் அணியத்தில் (முன்புறம்) அமர வேண்டியவர் யார்: அறுபது வயது அப்பாவா, முப்பது வயது மகளா?

கொல்லங்கோட்டு ஓட்டுநர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கொல்லங்கோட்டுப் பக்கம் வசிக்கிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். என் மகள் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் செவிலியராக இருக்கிறாள். அங்குள்ள படகுக் குழு ஒன்றில் சேர்ந்து நான்கு ஆண்டுகளாகக் கயாக் ஓட்டிவருகிறாள். டிவைசஸ் என்ற ஊரிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை நடக்கும் பந்தயத்தில், அடுத்த ஈஸ்டர் கழிந்து அதற்கடுத்த ஈஸ்டரில், நானும் அவளும் ஒரே படகில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். இப்போது அது என் விருப்பமும் ஆகிவிட்டது.

இந்தப் பந்தயத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இது 1948-இல் வேர்விட்ட பழைய பந்தயம். டிவைசஸில் கால்வாயில் இறங்கி 54 மைல் கடந்தால் ரெடிங்கில் தேம்ஸ் ஆறு வருகிறது. ஆற்றில் மேலும் 54 மைல் ஓட்டினால் டெடிங்டன். அதற்குக் கீழே கடலின் ஏற்றவற்றம் உள்ள 17 மைலைக் கடந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தடியில் முடிக்க வேண்டும். மொத்தம் 125 மைல், அதாவது 201 கிலோமீட்டர். வழியில் படகுகளை ஏற்றி இறக்குவதற்கான மதகுகள் நிறைய இருப்பதால், 77 இடங்களில் கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு ஓடி மறுபுறம் இறங்க வேண்டியிருக்கிறது. நான்கு நாள்களாகப் பிரித்து ஓட்டும் பிரிவும் உண்டு. நாங்கள் நினைத்திருப்பது சனிக்கிழமை புறப்பட்டு இரவு முழுவதும் ஓட்டி ஞாயிற்றுக்கிழமை முடிக்கும் பிரிவு.

எனக்குத் தண்ணீர் புதிதன்று. எங்கள் தகப்பனார் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயில் கதம்பை ஏற்றிய வள்ளம் வைத்திருந்தார். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க வேண்டும் என்று 1860-இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட கால்வாய் அது. இன்று பல இடங்களில் தூர்ந்து, கால்வாய் இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் கிடக்கிறது. என் சிறுவயதில் அதில் கழுக்கோல் ஊன்றித் தள்ளியிருக்கிறேன். ஆனால் கயாக் வேறு பொருள். பந்தயத்துக்கான கே-2 என்ற இருவர் படகு ஆறரை மீட்டர் நீளம், ஓர் ஆள் உட்காரும் அளவு அகலம்தான், அசந்தால் கவிழ்ந்துவிடும்.

சென்ற பிப்ரவரியில் மகள் விடுமுறைக்கு வந்தபோது, பூவாற்றில் அகலமான இருவர் கயாக் ஒன்றை இரவலாக வாங்கி நான்கு காலைகள் ஒன்றாக ஓட்டினோம். முதல் இரண்டு நாள் அவள் அணியத்தில் அமர்ந்தாள், நான் பின்புறம், அமரத்தில். அடுத்த இரண்டு நாள் மாறி அமர்ந்தோம். ரெடிங்குக்குத் திரும்பிய பிறகு, பந்தயத்தில் நான்தான் முன்னால் அமர வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வழி தெரிந்தவள் அவள். அந்த ஆறும் மதகுகளும் அவளுக்குப் பழக்கம். மேலும் முன்னால் இருப்பவர் போடும் துடுப்பு வீச்சைத்தான் பின்னால் இருப்பவர் பின்பற்ற வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் என்னுடைய மெதுவான வீச்சுக்கு அவளைக் கட்டிப்போடுவதாக ஆகாதா? அவளோடு நல்ல துணை ஒருவர் ஓட்டினால் எவ்வளவு நேரத்தில் முடிப்பாளோ, அதை நான் கெடுப்பதாக மனம் உறுத்துகிறது.

அவள் அங்கே, நான் இங்கே. பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பு நான் அங்கு போவதாகத் திட்டம். அதுவரை தனித்தனியாகத்தான் பயிற்சி செய்ய முடியும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேம்ஸ் கரைத் திருநெல்வேலிக்காரர்

ஐயா, வணக்கம். நான் லண்டனில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தப் பந்தயத்தில் இரண்டு முறை இறங்கி, ஒரு முறை பாதியில் விலகி, ஒரு முறை 25 மணி நேரத்தில் முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் கருத்து, மகள் முன்னால் அமர வேண்டும் என்பதே. பந்தயக் கே-2 படகில் சுக்கான் முன்னால் அமர்பவரின் கால்களுக்கு இடையே உள்ள கட்டையில் இணைந்திருக்கும். கால் பெருவிரலால் இடமும் வலமும் தள்ளித் திருப்ப வேண்டும். கால்வாயில் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் வீட்டுப் படகுகள், பாலத்தடியின் குறுகிய வழி, மதகுக்கு மேலே கரையேறும் தாழ்ந்த மேடை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே படகைத் திருப்பியாக வேண்டும். ரெடிங்கைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு இருட்டிவிடும். தேம்ஸில் மதகின் ஒருபுறம் கரையேறும் இடம் இருக்கும், மறுபுறம் தண்ணீர் சரிந்து விழும் அணை இருக்கும். எந்தப் பக்கம் போவது என்பது இருட்டில் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

துடுப்பு வீச்சைப் பற்றி உங்கள் கவலைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இந்தப் பந்தயத்தில் வேகமாக ஓட்டுவதைவிடச் சொன்ன வேகத்தில் ஓட்டுவதே முக்கியம். டெடிங்டனுக்குக் கீழே ஆறு கடலுக்குக் கட்டுப்பட்டது. லண்டன் பாலத்தருகே பெரிய ஓத நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் மாறுகிறது. நீர் வற்றத் தொடங்கி வெளியே ஓடும்போது அங்கே போய்ச் சேர்ந்தால் ஆறே உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். ஏற்றத்தில் போய்ச் சேர்ந்தால் எதிர்நீச்சல்தான், அமைப்பாளர்களும் போகவிட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு படகும் சனிக்கிழமை எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதை, டெடிங்டனில் நீர் வற்றும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் தானே தேர்ந்தெடுக்கிறது. டிவைசஸிலிருந்து டெடிங்டன் 174 கிலோமீட்டர். படகைத் தூக்கும் நேரத்தையும் உணவு நேரத்தையும் சேர்த்து மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால் 21 மணி 45 நிமிடம். அதுவே 7 கிலோமீட்டராகக் குறைந்தால் ஏறத்தாழ 25 மணி நேரம். மூன்று மணி நேரம் பிந்தினால் ஓதம் கைவிட்டுப் போய்விடும்.

ஆகவே எட்டு என்று கணக்கிட்டுப் புறப்பட்டு ஏழில் ஓட்டுவதைவிட, ஏழு என்றே ஒப்புக்கொண்டு அதற்கேற்ப முன்னதாகப் புறப்படுவது எவ்வளவோ மேல். இருபதாவது மணி நேரத்தில் உங்களால் எந்த வீச்சைப் போட முடியுமோ, அதையே முதல் மணி நேரத்திலும் போடுங்கள். முதல் 15 மைலில் மதகே இல்லாததால் எல்லோரும் அங்கே பறப்பார்கள். நீங்கள் பறக்க வேண்டாம். அதற்குப் பிறகு கிராஃப்டனில் ஒன்பது மதகுகள் அடுத்தடுத்து வரும். அங்கே தெரிந்துவிடும் யார் கால் தாங்குகிறது என்று.

தனித்தனிப் பயிற்சிக்கு ஒரு வழி: இருவரும் ஒரே எண்ணிக்கையைப் பழகுங்கள். நாங்கள் இருபுறமும் சேர்த்து நிமிடத்துக்கு 60 வீச்சு என்று தொடங்கினோம். நொடிக்கு ஒன்று, எண்ணுவது எளிது. தொப்பியில் செருகிக்கொள்ளும் சிறிய தாளமானிகள் கிடைக்கின்றன. நீங்கள் பூவாற்றிலும் மகள் ரெடிங்கிலும் அதே ஒலிக்கு ஓட்டினால், ஒன்றாக அமரும் அன்று பாதி வேலை முடிந்திருக்கும்.

பொழியூர் படகுக்காரன்

அண்ணாச்சி, நான் உங்களுக்கு அடுத்த ஊர். பூவாற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். அணியமா அமரமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குக் கயாக் தெரியாது. ஆனால் எங்கே, எப்போது ஓட்டுவது என்பதைச் சொல்ல முடியும். அது தெரியாமல் இறங்கினால் ஆபத்து.

நெய்யாற்றின் கழிமுகத்தில் சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த அலையில் உங்கள் ஒல்லிப் படகு நிற்காது. விடிவதற்கு முன் ஐந்தரைக்கு இறங்கி எட்டு மணிக்குக் கரையேறிவிடுங்கள். பகல் ஏறினால் கடற்காற்றும் எழுந்துவிடும். பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் மணல்திட்டு வாய், திறந்திருக்கும் நாள்களில், வேலியிறக்க நேரத்தில், கடல் வற்றும்போது, பொழிமுகத்தின் பக்கம் போகவே கூடாது. மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக இருக்கும்; அடியில் எல்லாம் கடலை நோக்கி இழுக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களையே அது கொண்டுபோயிருக்கிறது. ஆற்றின் மேற்பக்கமாக ஓட்டித் திரும்புங்கள். ஒரு வகையில் அது உங்களுக்குப் பயன்படும். ஏற்றத்தில் மேலே போய் இறக்கத்தில் கீழே வந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது, மாற்றி ஓட்டினால் எவ்வளவு விரயமாகிறது என்று குறித்து வையுங்கள். எங்கள் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. அந்தச் சிறிய வித்தியாசமே உங்கள் துடுப்பில் தெரியும். ஏழு மீட்டர் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்து எனக்கு மலைப்பாக இருந்தது.

படகைத் தூக்கி இறக்கும் பயிற்சிக்குக் குழித்துறைக்குப் போங்கள். தாமிரபரணியில் சப்பாத்தின் (தாழ்ந்த பாலத்தின்) இருபுறமும் கரை சரிவாக இருக்கிறது. ஒருபுறம் கரையேறி, படகைச் சுமந்து, மறுபுறம் இறங்கலாம். மழைக்காலத்தில் சப்பாத்துக்கு மேலேயே வெள்ளம் போகும், அப்போது வேண்டாம். கரையோரங்களில் மணல் அள்ளிய குழிகளும் இருக்கின்றன. இடுப்பளவு என்று நினைத்துக் கால் வைக்கும் இடத்தில் ஆள் ஆழம் இருக்கும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பூவாறு போதாது. கொல்லத்திலிருந்து ஆலப்புழை வரை காயல் வழியாக 80 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. அஷ்டமுடிக் காயலில் தொடங்கி, காயங்குளம் காயலைக் கடந்து, திருக்குன்னப்புழையில் நீங்கள் சொல்வதைப் போன்ற மதகு ஒன்றையும் தாண்டிப் போகும் தேசிய நீர்வழி அது. சீனவலைகளின் கால்களுக்கு நடுவே நுழையாமல், ஆழக் குறியீடு உள்ள வழியிலேயே போங்கள். சில இடங்களில் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல மூடிக் கிடக்கும். சுக்கானில் சிக்கினால் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு, கூடவே ஓர் இயந்திரப் படகை வைத்துக்கொண்டு போங்கள். நாள் சொன்னால் நானே வருகிறேன்.

இன்னொன்று. கவிழ்ந்து எழும் பயிற்சியைக் குளத்தில் செய்யாதீர்கள். தேங்கிய நீர் மூக்கில் ஏறி வரும் அமீபா மூளைக்காய்ச்சல் கேரளத்தில் 2024-இலும் அதற்குப் பின்னும் பலருக்கு வந்தது, உயிர்களும் போயின. ஓடும் நீரில், மூக்குக் கிளிப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நாகர்கோவில் மருத்துவர்

நான் பொதுநல மருத்துவர். படகு ஓட்டியதில்லை. ஆனால் அறுபது வயதில் இருபத்து நான்கு மணி நேர உழைப்பு என்று படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் இதயம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றோடு டிரெட்மில் சோதனையும் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகே நீண்ட பயிற்சியைத் தொடங்க வேண்டும். முப்பது ஆண்டுகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் இறுகியிருக்கும். படகைத் தோளில் வைத்து 77 முறை குனிந்து நிமிர வேண்டியவருக்கு, துடுப்புப் பயிற்சிக்கு இணையாகப் படி ஏறி இறங்கும் பயிற்சியும் வேண்டும்.

அடுத்து மணிக்கட்டு. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண்களின் உறை வீங்கிவிடும். விரலை வைத்து அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று உராய்வது தெரியும். அது வந்துவிட்டால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. துடுப்பை இறுகப் பற்றுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். தள்ளும் கையின் விரல்களை ஒவ்வொரு வீச்சிலும் தளர்த்தித் திறக்கப் பழகுங்கள். பேருந்தின் வளையத்தைப் பற்றியதுபோல் பற்றாதீர்கள்.

உணவில், மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு ஏத்தன்பழம் ஒன்றில் 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. அதோடு உப்பிட்ட கஞ்சி, கருப்பட்டி, கடலைமிட்டாய் என்று உங்கள் வயிற்றுக்குப் பழகியதையே கொண்டுபோங்கள். பந்தய நாளன்று புதிய உணவு எதையும் தொடக்கூடாது. தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வாந்தியும் வரும். அதற்காகத்தான் உப்பு.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது குளிர். நம் ஊரில் ஆற்று நீர் 28 பாகை. அங்கே ஈஸ்டர் காலத்தில் ஆறு 10 பாகைக்கு அருகில் இருக்கலாம், இரவுக் காற்று உறைநிலைவரை இறங்கக்கூடும். துடுப்பிலிருந்து சொட்டும் நீர் இரவு முழுவதும் மடியில் விழுந்துகொண்டிருக்கும். பருத்தி உடை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை முற்றிலும் விட்டுவிடுங்கள். கம்பளி அல்லது செயற்கை இழை மட்டுமே. உடல் வெப்பம் குறையும்போது முதலில் நடுக்கம் வரும், பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும். அதற்குப் பின் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைத் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் கொடுமை. அந்த நிலையில் இருப்பவருக்குத் தனக்கு ஆபத்து என்பதே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு வாரம் முன்பு போவது என்ற உங்கள் திட்டத்தைக் குறைக்காதீர்கள், முடிந்தால் எட்டு வாரமாக்குங்கள்.

ரெடிங்கிலிருந்து மகள்

கேள்வி கேட்டவரின் மகள் நான். அப்பா இங்கே எழுதியிருப்பதை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். மருத்துவர் ஐயா எழுதிய கடைசி வரிகள்தான் நான் அப்பாவை முன்னால் அமரச் சொல்வதற்கான காரணம். அதை அவரிடம் நேரில் சொல்லத் தயங்கினேன்.

பூவாற்றில் இரண்டாம் நாள் நான் முன்னால் இருந்தேன். இரண்டரை மணி நேரம் ஓட்டினோம். என் முதுகுக்குப் பின்னால் துடுப்பு ஒரு முறைகூடத் தப்பாமல் விழுந்துகொண்டே இருந்தது. "போதுமா அப்பா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "நீ போ மக்களே" என்றார். கரையேறிப் படகைக் கழுவும்போதுதான் பார்த்தேன், அவர் பிடித்திருந்த துடுப்புத் தண்டில் ஒரு கையகலத்துக்கு இரத்தம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து மடங்கிக் கிடந்தது. அவர் அந்தக் கையைச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் தேநீருக்குச் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா சொல்ல மாட்டார். என் சிறுவயதில் காய்ச்சலோடு இரவுப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, இரண்டு நாள் கழித்து அம்மாவுக்குத் தெரிந்த கதை எங்கள் வீட்டில் ஒன்றல்ல, பல உண்டு. என் வேலையில் தினமும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் வாயை நம்பாமல் தோளையும் கழுத்தையும் விரல் நுனியையும் பார்க்கத்தான் எங்களுக்குப் பயிற்சி. மூன்றாம் நாள் அவர் முன்னால் அமர்ந்தபோது எல்லாம் எனக்குத் தெரிந்தது. களைப்பு வரும்போது அவருடைய வலது தோள்தான் முதலில் தாழ்கிறது. அது தாழ்ந்த ஐந்து நிமிடத்தில் வீச்சு குட்டையாகிறது. அப்போது நான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொன்னால் அவரும் நிறுத்திக் குடிக்கிறார். படகில் முன்னால் இருப்பவரால் பின்னால் இருப்பவரைப் பார்க்க முடியாது. தேம்ஸில் இரவு மூன்று மணிக்கு அப்பாவை நான் பார்க்க முடியாத இடத்தில் வைத்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது.

அப்பா, உங்கள் வீச்சுக்கு நான் கட்டுப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேகம் வேண்டுமென்றால் என் குழுவில் துணைக்கு ஆள் இருக்கிறார்கள். இந்தப் பந்தயத்தின் சாதனை 1979-இல் எழுதப்பட்ட 15 மணி 34 நிமிடம்; அதற்கும் நமக்கும் தொடர்பில்லை. உங்களோடு அந்தப் பாலத்தடியில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

வழி தெரியாது என்பதும் தடையாக எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் மலைச்சாலையில் வளையம் பிடித்தவருக்குக் கால் கட்டையால் சுக்கான் திருப்ப வந்துவிடும். எந்தப் பக்கம் என்று நான் பின்னாலிருந்து சொல்கிறேன்.

தேம்ஸ் கரைத் திருநெல்வேலிக்காரர்

தங்கை எழுதியதைப் படித்த பிறகு, முதல் பதிலில் நான் விரிவாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். பாதியில் விலகினேன் என்றேனே, அன்று முன்னால் அமர்ந்திருந்தவன் நான். வழி தெரிந்தவன், வேகமானவன் என்று நானே அந்த இடத்தை எடுத்துக்கொண்டேன். தேம்ஸ் கரையில் உள்ள மார்லோ என்ற ஊரைத் தாண்டிய பிறகு என் நண்பன் பேச்சை நிறுத்தியிருந்தான். இருட்டில் கவனமாக ஓட்டுகிறான் என்று நினைத்தேன். படகு காரணமில்லாமல் இடப்பக்கம் ஆடத் தொடங்கியபோது திரும்பிப் பார்த்தால், துடுப்பு நீரைத் தொடாமல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. பெயரைக் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. கரையில் இருந்த எங்கள் உதவிக் குழுவினர் அவனைப் போர்வையில் சுற்றி வண்டிக்குள் வைத்து, நடுக்கம் மீண்டும் வரவே நாற்பது நிமிடம் ஆயிற்று. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அப்பாவே முன்னால் அமரட்டும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அவர் அங்கு போனதும் ரெடிங்கிலிருந்து டெடிங்டன் வரையுள்ள மதகுகளைப் பகலில் கரை வழியாக நடந்து பார்க்க வேண்டும்; பிறகு அதே இடங்களை இரவில் படகில் பார்க்க வேண்டும். இரண்டு, கட்டளைச் சொற்களை இப்போதே முடிவு செய்யுங்கள். களைப்பில் "இடது" என்பதும் "வலது" என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். காற்றுள்ள இரவில் பின்னால் இருப்பவரின் குரல் முன்னால் போய்ச் சேர்வதே கடினம்.

கொல்லங்கோட்டு ஓட்டுநர்

எல்லோருக்கும் நன்றி. மகள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் பதில் எழுதவில்லை. கையை மறைத்தது அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மக்களே, இனி மறைக்க மாட்டேன். நான் முன்னால் அமர்கிறேன்.

மருத்துவரம்மா அல்லது ஐயா, யாராயிருந்தாலும், நீங்கள் சொன்ன சோதனைகளுக்கு வரும் திங்கட்கிழமை பெயர் பதிந்திருக்கிறேன். முடிவு வந்த பிறகே நீண்ட ஓட்டம். அதுவரை வீட்டு மாடிப்படியில் பன்னிரண்டு கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்து இருபது முறை ஏறி இறங்குகிறேன். இடது முழங்கால் கொஞ்சம் முணுமுணுக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டளைச் சொற்களைப் பற்றித் தம்பி எழுதியதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் பின்னால் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காமல்தான் வண்டி ஓட்டினேன். நடத்துனரின் விசில் ஒன்று என்றால் நிறுத்தம், இரண்டு என்றால் போகலாம். எவ்வளவு நெரிசலிலும் மழையிலும் தூக்கக் கலக்கத்திலும் அந்த ஒலிக்கு என் கால் தானாக வேலை செய்யும். பந்தயத்தில் அணியும் மிதவைச் சட்டையில் விசில் கட்டியிருப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள். ஒரு விசில் என்றால் துடுப்பை நிறுத்திக் குடிக்கவோ உண்ணவோ வேண்டும், என் பதிலைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு விசில் என்றால் புறப்பட வேண்டும். இடத்துக்கு ஒரு நீள ஊதல், வலத்துக்கு மூன்று குட்டை ஊதல். மகள் சரி என்றால் அடுத்த விடுமுறையில் இதையே பழகுவோம். அதுவரை என் மனைவி படகுக்கரையில் நின்று ஊதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பொழியூர் தம்பி, வரும் சனிக்கிழமை ஐந்தரைக்குப் பூவாற்றுக்கு வருகிறேன். அன்று வேலியேற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏற்றத்தோடு மேலே போய், நீர் திரும்பிய பிறகு கீழே வந்து, இரண்டு நேரத்தையும் குறித்து மகளுக்கு அனுப்ப வேண்டும்.